‘வாழ்க’ என்று எழுதிய சோப்பு

ஜூலை 3, 2024

இன்றும் மழை. அடுப்புக்கு மேலே சுளகில் வைத்த ரோஜா இதழ் மட்டும் காய்ந்தது. செவந்தி நமுத்துக் கிடக்கிறது. நாளை பதுளைக் கடைக்குச் சோப்புக் கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 4

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் ஆறுமா, பார்ப்போம்.

பரிமளம் அம்மாவின் கடைக்கு ஒரு வருடமாக என் சோப்பு போகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே காம்பராவுக்குள் வைத்து, தேங்காயெண்ணெயில் செய்து, மேலே காய்ந்த பூ பதித்து, ஒவ்வொன்றையும் நானே கடதாசியில் சுற்றி, ‘ஜெயந்தினி’ என்று ஒரு சின்ன லேபல் ஒட்டி அனுப்புவேன். இன்று பார்த்தால் கண்ணாடி அலுமாரிக்குள் என் சோப்பு இருக்கிறது, என் லேபல் இல்லை. அந்த இடத்தில் கடையின் பெயர். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

“எங்க வீட்டுலயே செய்றது” என்றார் பரிமளம் அம்மா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அந்தப் பெண் போனபிறகு கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

“தோட்டத்துல செஞ்சதுன்னு சொன்னா யாரு புள்ள மொகத்துல போடுவா?”

அப்படியே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். கல்லாப் பக்கம் இருந்த மகள் விதுர்ஷா விரலை நீட்டிக் காட்டினாள். “ஒங்க லேபல உரிச்சு உரிச்சு நகம் போயிருச்சுக்கா. அடுத்த தடவ ஒட்டாமலே கொண்டாங்க.”

பிறகு தேத்தண்ணி வந்தது. அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, எனக்குப் பிளாஸ்டிக். வருடம் முழுக்க அதில்தான் குடித்திருக்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது. இந்த ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லியிருக்கிறாரா? புள்ள. தோட்டத்துப் புள்ள. அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. விதுர்ஷாவுக்கு ஆவணியில் கல்யாணமாம். தாம்பூலப் பையில் போடச் சோப்பு வேண்டுமாம், மேலே ‘வாழ்க’ என்று அச்சுப் பதித்து. “நல்லா செஞ்சு குடு. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க.”

சரிங்கம்மா என்றேன். ஏன் சொன்னேன்? என் வாய் எங்கே போனது?

ஜூலை 5

மொகத்துல போட மாட்டாங்களாம். எங்க கை பறிச்ச தேயிலைய மட்டும் மூணு வேளையும் குடிப்பாங்க. வாய்க்குள்ள போகலாம், மொகத்துல படக்கூடாது.

ஜூலை 7

ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்த சுரேனிடம் எல்லாம் சொன்னேன். புருஷன் என்றால் கூடச் சேர்ந்து கோபப்பட வேண்டாமா? “விடு ஜெயா, பெரிய ஆர்டர்ல்ல” என்கிறார். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விட மாட்டேன். என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. கோஸ்டிக் சோடாவைக் கூட்டிப் போட்டால் கை வெந்துவிடும் — வேண்டாம், விருந்துக்கு வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ரோஜா இதழைச் சோப்புக்குள் கலந்தால் கொஞ்ச நாளில் எலிப்புழுக்கை மாதிரி கறுத்துப்போகும். அதுவும் வேண்டாம். தோட்டத்துச் சோப்பு இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல நானே வழி செய்து கொடுத்ததாக ஆகிவிடும். சோப்பில் ஒரு குறை இருக்கக் கூடாது. ஆனால் அந்த அம்மாவுக்குச் சுட வேண்டும். சுட்ட இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 11

கிடைத்துவிட்டது.

பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி, பிளேடால் அச்சுச் செதுக்க உட்கார்ந்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு கோட்டையும் யோசித்துத்தான் வெட்டுவேன். ‘வ’ முடிந்தது. பக்கத்தில் துணைக்கால், அந்த அரவு போடவேண்டும். கை நின்றுவிட்டது. அரவு போட்டால் வா. அரவை விட்டுவிட்டு, வ-வின் தலையில் ஒரு சுழி சுழித்தால்?

வீ.

வீழ்க.

ஜூலை 12

அச்சு நன்றாக விழுகிறது. இப்போது அதை மறைக்க வேண்டும். சுழியின் மேல் ஒரு செவந்தி இதழை ஒட்டினால் சுழி தெரியாது. வ-வுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செதுக்கியிருக்கிறேன், அந்த இடத்தில் இன்னொரு இதழை வளைத்து ஒட்டினால் அரவு. கோதுமை மாப் பசை காய்ந்தபிறகு அசையாது, தண்ணீர் பட்டால் கழன்றுவிடும். சுற்றி நாலைந்து இதழை அலங்காரத்துக்கு ஒட்டிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

பைக்குள் இருக்கும்வரை வாழ்க. கை கழுவினால் வீழ்க.

ஒன்றைச் செய்து பைப்படியில் பிடித்துப் பார்த்தேன். இதழ்கள் நழுவிப் போயின. எழுத்து பளிச்சென்று நின்றது. தனியாக நின்று சிரித்தேன். இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

ஆகஸ்ட் 2

லயத்துக் காம்பரா முழுக்கச் சோப்பு. கட்டிலுக்கு அடியில், அலுமாரி மேலே, பலகை போட்ட இடத்தில் எல்லாம் காய்கிறது. சுரேன் நடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் நடக்கிறார். “என்ன அழகா செஞ்சிருக்க” என்று ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிடுங்கி வைத்தேன். ஈரக்கை.

ஆகஸ்ட் 19

இதழ் ஒட்டி ஒட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றை ஒட்டும்போதும் மனதுக்குள் ஒரு முகம் வைத்துக்கொள்கிறேன். பரிமளம் அம்மாவின் முகம்தான். விதுர்ஷா பாவம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நகத்தை நினைத்தேன். பாவம் போய்விட்டது.

செப்டம்பர் 8

இன்று கல்யாணம். நேற்றே சுரேன் பெட்டிகளை மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்தார். எங்களுக்கு அழைப்பில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மத்தியானம் முழுக்க, இப்போது சாப்பிட்டுக் கை கழுவுவார்கள், இப்போது பையைத் திறப்பார்கள் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10

போன் வரவில்லை.

செப்டம்பர் 21

ஒரு பேச்சும் இல்லை. பதுளையில் ஒருத்தருமே கை கழுவுவதில்லையா?

அக்டோபர் 6

தெரிந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பசறையில் பேன்ஸிக் கடை வைத்திருக்கும் நஸ்மியாவும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். பேச்சுவாக்கில் கேட்டேன், சோப்பு எப்படி நுரைக்கிறது என்று.

“நுரைக்கிறதா? அத எப்படி ஜெயந்தினி கழுவ மனசு வரும்? ஷோகேஸ்ல வச்சிருக்கேன். என் நாத்தனாரும் அப்படித்தான், பீங்கான் பொம்மைக்குப் பக்கத்துல வச்சிருக்கா.”

அழகாகச் செய்ததுதான் பிழை. பதுளை முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலும் என் சோப்பு உட்கார்ந்துகொண்டு அந்தக் குடும்பத்தை வாழ்க, வாழ்க என்கிறது. என் கையால் ஒட்டிய அரவு! கொஞ்சம் அசிங்கமாகச் செய்திருந்தால் இந்நேரம் எல்லோரும் தேய்த்து முடித்திருப்பார்கள்.

டிசம்பர் 12

கடைக்கு இப்போதும் கொடுக்கிறேன். லேபல் இல்லாமல். பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 16, 2025

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

பரிமளம் அம்மாவின் தங்கச்சி கனடாவிலிருந்து வந்திருக்கிறார். சோப்பைப் பார்த்து, அங்கே விற்கலாம் என்று ஆசைப்பட்டாராம். மாதிரி கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்குள் போனேன். தலைப்பொங்கலுக்கு வந்த விதுர்ஷாவும் அங்கேதான் இருந்தாள். ஹோலில் ஷோகேஸ். அதில் நடுத்தட்டில் என் சோப்பு.

“நொரைய பாத்துட்டுப் பேசுவோம்” என்று பரிமளம் அம்மா, நான் கொண்டுபோன மாதிரியை விட்டுவிட்டு, அதைக் கையில் எடுத்தார். ஹோலில் தங்கச்சியை உட்காரவைத்துவிட்டு, குசினிப் பக்கத்தில் கை கழுவும் பேசினுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். விதுர்ஷா கை துடைக்கத் துவாய் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் விழுந்தது. இதழ் ஒவ்வொன்றாகக் கழன்று பேசினுக்குள் சுழன்றது. ஆறு மாதம் இதற்குத்தானே காத்திருந்தேன்.

“அடில வேற மாதிரி தெரியுதே… கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன். என்ன எழுதியிருக்க புள்ள? வாசி பாப்பம்.”

நேருக்கு நேர். அவரே கேட்கிறார். ஒரு சொல்தான், சொல்லிவிட்டு வெளியே நடந்திருக்கலாம்.

“வாழ்கன்னு எழுதியிருக்குங்கம்மா.”

என் வாயாலேயே வாழ்த்திவிட்டு வந்திருக்கிறேன். சீ. எதுக்குப் பயந்தேன்? அடிப்பாங்களா? அடிச்சாத்தான் என்ன?

பரிமளம் அம்மா நுரையைப் பார்த்துத் தலையாட்டினார். விதுர்ஷா சோப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணாடி தேவையில்லை. அம்மாவிடம் துவாயை நீட்டினாள்.

ஜனவரி 20

விதுர்ஷா எனக்குப் போன் எடுத்தாள். குரல் நல்ல அமைதி.

“வீட்ல மிச்சம் இருந்த சோப்பெல்லாம் நனைச்சுப் பாத்தேன்க்கா. எல்லாத்துலயும் அதேதான்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அம்மாட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். சித்தி கனடாவுக்கு மாசாமாசம் கேக்குறாங்க. கடைப் பேர்லதான் போகும். லேபல், கிபல்னு ஒண்ணும் பேசாம நீங்க பாட்டுக்குச் செஞ்சு குடுத்துட்டே இருங்க. சரியா?”

சரிங்க என்று சொல்ல வாய் திறந்தேன். அது பழகின வாய். ஆனால் வேறு வந்தது.

“அம்மாட்ட சொல்லுங்க தங்கச்சி.”

“என்னது?”

“அன்னிக்கி என்னைய வாசிக்கச் சொன்னாங்க. எனக்கு வாய் வரல. நீங்க வாசிச்சுக் காட்டுங்க.”

“ஒங்களுக்குத்தான் நட்டம்” என்று வைத்துவிட்டாள். சுரேன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்டர் போச்சா என்றார். போச்சு என்றேன். விஷயத்தை முழுதாகச் சொன்னேன். ‘வீழ்க’ என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமினார்.

ஜனவரி 21

போன் வரவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமைத்தேன்.

ஜனவரி 22

காலையில் பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். போன் அடித்தது. பரிமளம் அம்மா. இவ்வளவு நாளில் அவரே எனக்குப் போன் எடுத்தது இதுதான் முதல் தடவை. குடத்தை வைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டேன்.

“ஜெயந்தினி” என்று கத்தினார். “ஏ ஜெயந்தினி. இது நீ செஞ்சதா?”

“ஆமாங்கம்மா. நான் செஞ்சதுதான்.”

நம்ப முடியாதவர் மாதிரி, பெயரைச் சொல்லி இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் சொன்னேன்.