மைக்கில் சொல்லாத பெயர்

இன்று ரேடியோவைத் துடைத்தேன். நீங்கள் போனபிறகு யாரும் அதைப் போடவில்லை. போடக்கூடாது என்றில்லை, யாருக்கும் தோன்றவில்லை. முகப்பில் நீங்கள் ஒட்டிய துணியின்மேல் தூசி படிந்திருந்தது. உங்கள் ஜவுளிக்கடையில் மிஞ்சிய துண்டு, காப்பிப்பொடி நிறத்தில் சின்னப் பூப்போட்டது. ஈரத்துணி பட்டதும் ஒரு பழைய வாசனை எழுந்தது. அதை நான் முதலில் முகர்ந்தது எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அழுகை வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்றும் வரவில்லை. உங்கள் தங்கை ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் வந்து, "அழுதுடுங்க அண்ணி, நெஞ்சுல வெச்சிக்காதீங்க" என்கிறாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, முழு ஆளும் அப்படி இருக்கிறேன். சோறு வடிக்கிறேன், தண்ணீர் பிடிக்கிறேன். உங்கள் கோட்டை வெயிலில் போட்டு எடுத்து, மறுபடி ஆணியில் மாட்டினேன். எல்லாம் கை செய்கிறது.

நேற்று முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்ல மாதா கோயிலுக்குப் போனேன். உபதேசியார் புதியவர், நம்மைத் தெரியாது.

"யாருக்கும்மா பூசை?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"சரிம்மா. பேரு? சாமியார் பீடத்துல நின்னு வாசிக்கணும் இல்ல?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "வேற யாரையாவது அனுப்புங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும்" என்றார். உங்கள் தங்கையை அனுப்பினால் தீர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கூடாரம்தான் கண்ணில் நின்றது. என் வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் ஒருமுறை கேட்டீர்களே.

மைதானத்தில் எந்திரப் பொருட்காட்சி போட்டிருந்த வருஷம். நமக்குக் கல்யாணமான புதிது. இரண்டு பேருமே அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நீங்கள் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டீர்கள். "எந்திரம் பாக்கப் போறதுக்குக் கோட்டு எதுக்கு?" என்று கேட்டேன். "எந்திரம் நம்மளப் பாக்காதா?" என்றீர்கள்.

காலால் மிதிக்காமலே கரண்டில் ஓடும் தையல் மெஷினைச் சுற்றி ஊரே வாயைப் பிளந்து நின்றது. நீங்கள் ஜவுளிக்கடை ஆள், மெஷினைப் பார்க்கவேயில்லை. தைத்து வந்த துணியை விரலால் நெருடி, "சாயம் நிக்காது" என்றீர்கள். அடுத்த கொட்டகையில் நெல் குத்தும் எந்திரம். நான் ஒரு பிடி அரிசியை அள்ளி நொய் எவ்வளவு என்று பார்த்தேன். நம்மைப்போல இரண்டு பேருக்கு அதிசயம் காட்டுவது கஷ்டம்தான்.

அப்புறம் அந்த ரேடியோக் கூடாரங்கள். ஒன்றில் மைக், அதன் எதிரே தொப்பி போட்ட ஒரு கன்னடக்காரர். மைதானத்தின் அந்தக் கோடியில் இன்னொரு கூடாரம், அதில் துணி முகப்புப் போட்ட பெரிய பெட்டி. இங்கே பேசினால் அங்கே கேட்கும் என்றார்கள்.

"நான் அங்க போய் நிக்கறேன். நீ என் பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றீர்கள்.

நான் முறைத்தேன்.

"ஊரே கூப்பிடுது. நீ ஒருத்திதான் கூப்பிட்டதில்ல. இத்தன கூட்டத்துல யாருக்குத் தெரியப்போவுது? ஒரே ஒரு தடவ." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. ஜெபமாலை உருட்டுகிற வீடுதான், ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. நான் சொல்லவேயில்லை. ஆயுசு குறைந்துதான் போயிற்று.

மைக்கின்முன் நின்றேன். சூடேறிய தூசி வாசனை அடித்தது, இன்று ரேடியோவிலிருந்து எழுந்ததே, அதேதான். "மாத்தாடிம்மா, பேசுங்க" என்றார் தொப்பிக்காரர். உங்கள் பெயர் நுனி நாக்குவரை வந்தது. நான் சொன்னது வேறு.

"ஏங்க. ஏங்க, இங்க வாங்க."

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தீர்கள், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. அந்தக் கூடாரத்தில் இருந்த தமிழ்க்காரர் அத்தனைபேரும் திரும்பிப் பார்த்தார்களாம். ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்து "தோ வரேன்" என்று எழுந்தே விட்டாராம்.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"கண்டுபிடிக்க என்னா இருக்கு? அது எனக்கு வந்தது."

அதன்பிறகு பெயர் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கவே இல்லை. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் இந்தப் பழைய ரேடியோவை வாங்கி வந்தபிறகும், அது சூடேறிச் சத்தம் வரும்வரை பக்கத்தில் குந்திக்கொண்டு, "இரு, இப்ப ஏங்கன்னு கூப்பிடும் பாரு" என்பீர்கள். தினமும் அதே கேலி. தினமும் நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

இன்று துடைத்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு, ரேடியோவின் முன்னால் நின்று உங்கள் பெயரைச் சொன்னேன். ஞானஸ்நானப் பெயர், உங்கள் அப்பா பெயர், எல்லாம் சேர்த்து முழுசாக. தடங்கலே இல்லாமல் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று படிப்பதுபோல இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. இனிக் கோயிலில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பழக்கதோஷம், வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

"ஏங்க."

"இன்னாடி?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு டெய்லர். "கூப்டியா?"

"நான் இல்லியே" என்றாள் அவர் மனைவி.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரத்த காலில் மறுபடி ரத்தம் ஓடும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படிக் குத்த ஆரம்பித்தது. உங்கள் தங்கை வரும்வரை அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே போய்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அது ஊரார் கூப்பிட்டது, சாமியாரும் வாசிக்கட்டும். மற்றதை நான் வைத்துக்கொள்கிறேன். சத்தமாகச் சொல்ல மாட்டேன். டெய்லர் பாவம், வேலையை விட்டு எழுந்து வந்துவிடுவார்.