பூ மாதிரி இறங்கும் கிளட்ச்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் அத்தையும் நலம். உங்கள் தம்பி வெல்டிங் பொறியில் ஒரு புருவத்தைப் பாதி கருக்கிக்கொண்டு திரிகிறான், மற்றபடி அவனும் நலம். தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "ம், சொல்லு" என்றதும் என் வாய் தானாகப் பொய் சொல்லப் பழகிவிட்டது. தம்பியிடம் கொடுத்தனுப்பினால், நீங்கள் உறையைப் பிரிக்கும் முன்பே அவன் முகம் எல்லாவற்றையும் உளறிவிடும். அதனால் தபாலில் போடுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. அதைத்தானே தேடுவீர்கள். என்ஜினைக் கழற்றி ஷெட்டில் சங்கிலியில் தொங்கவிட்ட மறுவாரம் நீங்கள் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்தீர்கள். மாமா ஆசையாக வாங்கிய கார், குட்டியைப் பிறந்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி, அப்படி எலும்புக்கூடாக நிற்பதை அத்தையால் பார்க்க முடியவில்லை. "அவன் வர்றதுக்குள்ள அதை எழுப்பி நிறுத்துங்கடா" என்று தம்பியை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுப்பிவிட்டோம்.

டிரைவர் பக்கத்துத் தரை துருப்பிடித்து, ரப்பர் விரிப்பைத் தூக்கினால் ஓட்டை வழியாக ஷெட்டின் மண் தெரிந்தது. இத்தனை நாள் எந்த தைரியத்தில் அதன்மேல் கால் வைத்து ஓட்டினீர்களோ! வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தாயிற்று. ஒயரிங் முழுக்கப் புதிது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், எல்லோருக்கும் சீட் பெல்ட். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் பவர் ஸ்டியரிங் வைத்தோம். இனி திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிறம் மட்டும் அதே பச்சைதான். பெயிண்ட் கடைக்காரர் கலந்து கொடுத்ததை அத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். சீட் உறை நான் தைத்தது. தையல் கோணலாக இருக்கும் இடத்தில்தான் நீங்கள் உட்காருவீர்கள், அதனால் யாருக்கும் தெரியாது.

பின் சீட்டைத் தூக்கியபோது உங்கள் மூக்குக்கண்ணாடி கிடைத்தது. நான்தான் தொலைத்தேன் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்களே, அதே கண்ணாடிதான். பத்திரமாக வைத்திருக்கிறேன், சமயத்துக்கு உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்தேன். நீங்கள் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது நான் இங்கே கையெல்லாம் கிரீஸோடு தம்பியையும் குட்டியையும் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கத்திலேயே உட்கார்ந்து "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பக்கத்துத் தெரு வரை போய்விட்டு வந்தேன். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் உங்கள் நினைவு வந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன்.

போன முறை நான் வந்தபோது, உங்களைப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு, டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். வலது காலைப் பற்றிக் கவலையில்லை என்றார். இடது கால் ஊன்றி நடக்கும் அளவுக்கு வரும், ஆனால் அழுத்துகிற பலம் திரும்புவது சந்தேகம், அந்த நரம்பு அநேகமாகப் போய்விட்டது என்றார். "நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்கம்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன். நீங்கள் திரும்பி வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். நல்லா சாப்பிடச் சொன்னார் என்றேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் மட்டும் சொன்னேன். ரெண்டு நாள் ஷெட்டுப் பக்கமே வராமல் இருந்தான். பிறகு வந்து, "அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று ஆரம்பித்தான். கிளட்சைக் காலால் மிதிக்காமல் கையாலேயே இயக்க வழி இருக்கிறதாம். கியர்க் குமிழில் ஒரு சின்னச் சுவிட்ச், அதை அழுத்திக்கொண்டு கியரை மாற்ற வேண்டியதுதான். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் இருக்கிறது. "அண்ணனே ஓட்டலாம் அண்ணி" என்றான். உங்களைக் கேட்காமல் உங்கள் வண்டியில் ஒரு திருகாணியைக்கூடத் திருகக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டுமென்றால் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை, அதனால் கேட்காமலே செய்யச் சொன்னேன்.

கிளட்ச் பெடலைக் கழற்றியது தம்பி இல்லை, நான். அவனைத் தொடவிடவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டு, எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி பெடலைப் பிடித்திருந்த ஊசியை வெளியே எடுத்தேன். பெடல் கைக்கு வந்தது. அதன் ரப்பர் ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, உங்கள் கால் படுகிற ஓரம். அங்கேயே படுத்துக்கொண்டு அழுதேன். குட்டி வந்து எட்டிப் பார்த்து, "கண்ல எண்ணெய் பட்டுடுச்சாம்மா" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் போன் செய்தீர்கள். இடது பாதத்தைச் சுவரில் வைத்துத் தினமும் அழுத்திப் பழகுவதாகவும், சுவரைக் கிளட்சாக நினைத்துக்கொள்வதாகவும் சொன்னீர்கள். பயிற்சி கொடுக்கிற பெண்கூடச் சிரிக்கிறாள் என்றீர்கள். "கிளட்ச் எப்படி இருக்கு, லேசாயிருக்கா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு பழைய மாதிரி மிதிக்க முடியாது" என்று கேட்டீர்கள். பெடல் என் எதிரே மேசை மேல் இருந்தது. "பூ மாதிரி இறங்குதுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்றுப் போன் செய்தபோது, வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், தம்பியை வண்டியை எடுத்துவரச் சொல், நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்கக் கதவைத் திறந்து குனிந்து, மூன்று பெடல் இருந்த இடத்தில் இரண்டைப் பார்த்துத்தான் உங்கள் காலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தப் பாவத்தை மட்டும் என்னால் செய்ய முடியாது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தகட்டுக்கும் திருகாணிக்கும் முதலில் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பெடலைத் துடைத்து, பழைய துணியில் சுற்றி நம் அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அரை நாளில் திரும்ப மாட்டிவிடலாம் என்கிறான் தம்பி. அதனால் சுவரில் அழுத்துவதை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரும் நானும் சேர்ந்தே பொய்யாகிப்போனால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

சனிக்கிழமை தம்பி வரவில்லை. நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். வந்ததும் இறங்கி நின்றுகொள்வேன், இரண்டு பக்கத்துக் கதவும் திறந்திருக்கும். ஸ்டியரிங் முன்னால் உட்கார மனம் வந்தால் உட்காருங்கள், சுவிட்சை எப்படி அழுத்துவது என்று நான் சொல்லித்தருகிறேன். என் மேல் கோபமென்றால் இடப்பக்கம் உட்காருங்கள், நான் ஓட்டுகிறேன். வழியெல்லாம் "பார்த்து, பார்த்து" என்று என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் கோபத்துக்குக் காத்திருக்கும்,
குட்டியின் அம்மா