சகலை எழுந்த நேரம்

சகலை,

இன்று காலை உங்கள் வாடிக்குப் புதுப் பாய் வந்து இறங்கியது. பெரியபட்டினத்திலிருந்து வள்ளத்தில் வந்த பனையோலைப் பாய்கள். பாம்பன் துறையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றினால் என் வாசலைக் கடந்துதான் உங்கள் கருவாட்டு வாடிக்குப் போக வேண்டும். புது ஓலையின் பச்சை வாசம் வீட்டுக்குள் வந்தபோது நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் கஞ்சி இறங்கவில்லை. வருடா வருடம் பழைய பாய்களையெல்லாம் தள்ளிவிட்டு மீன் காயப்போடப் புதுப் பாய் வாங்குவது உங்கள் பழக்கம். நானோ கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டுக் காலத்தை ஓட்டுகிறவன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் பழக்கம் மட்டும் வண்டியேறி வந்து என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போகிறது.

இறந்துபோனவர்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று உங்கள் கொழுந்தியாள், அதாவது என் மனைவி, சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது பட்டதை என்ன செய்வது, அதைப் பாதியில் விட முடியுமா என்று கேட்டேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் உங்களைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார். கோயில் மணி அடிக்கும் முன்பே எழுந்து தன் தொழிலுக்குப் போனவர் என்றார். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதியவர் என்றார். டீக்கடை பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்து பொழுதைப் போக்காதவர் என்று அவர் சொன்னபோது, டீக்கடையிலேயே குடியிருக்கும் பயல்கள்கூடப் பயபக்தியோடு தலையாட்டினார்கள். இளைஞர்கள் எல்லாரும் அவரைப்போல அதிகாலையில் எழ வேண்டும் என்று முடித்தார். நான் கோயிலில் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். நானும்தானே அதே நேரத்துக்கு எழுந்தேன், இத்தனை வருடமாக! என்னைப் பற்றி யார் பிரசங்கம் வைக்கப்போகிறார்கள்?

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு மருமகன்களாக வந்தவர்கள். நீங்கள் மூத்தவளைக் கட்டினீர்கள், நான் இளையவளை. நம் வாடிகளுக்கு நடுவே ஒரு ஓலை வேலிதான். ஒரே கடல், ஒரே வெயில், ஒரே உப்பு. எனக்கு வந்த சாளை மீனும் காரல் மீனும்தான் உங்களுக்கும் வந்தது. ஆனாலும் மாமனார் வீட்டில் விருந்து என்றால் விளமீன் தலை உங்கள் இலைக்குப் போகும். வால் பக்கத்துத் துண்டு என் இலைக்கு வரும். மாமியார் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். அவர் கை தானாகவே அப்படிப் போகும். அந்தக் கைதான் என்னை அதிகம் நோகடித்தது.

முதலில் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அதிர்ஷ்டத்துக்கு நாம் என்ன செய்ய முடியும், அதனால் தூக்கம் கெடவில்லை. அப்புறம்தான் ஊரில் உங்கள் பழக்கங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பழக்கம் என்றால் யாரும் பழகிக்கொள்ளலாமே. அப்படியானால் நான் உயராதது என் குற்றம் என்று ஆகிவிடுகிறதே. அன்றைக்குப் பிடித்த எரிச்சல்தான் சகலை.

தபாலாபீஸ் வாசலில் நீங்கள் நின்றபடியே வியாபாரக் கடிதத்தைப் பிரித்துப் படித்து, நின்றபடியே பதில் எழுதிப் பெட்டியில் போடுவதை ஒருநாள் பார்த்தேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினால் என்ன என்று கேட்டேன்.

"கடுதாசியும் மீனு மாதிரித்தான் சகல. வச்சிருந்தா நாறிரும்" என்றீர்கள்.

என் பெட்டியில் அப்போது பதில் போடாத கடிதங்கள் கட்டாகக் கிடந்தன. உங்களுக்கு அது தெரிந்துதான் சொன்னீர்களோ என்று ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை. உங்களுக்கு ஏது நேரம்?

சுதந்திரம் வந்து சில வருடம் கழித்து, கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரை மரைக்காயர் நம்மைத் தேடி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பாம்பனில் அவருக்குக் கருவாடு அனுப்பிக்கொண்டிருந்த பெரியவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். அந்த இடத்துக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். அது கிடைத்தவன் அப்புறம் சந்தையில் கூவி விற்க வேண்டாம், ஓலை வீட்டை இடித்துவிட்டுக் காரை வீடு கட்டலாம். நம் இருவரையும் வேலியோரம் நிற்க வைத்து அவர் பேசினார்.

"ரெண்டு பேரும் நல்ல ஆளுகதான். நான் ஒரு நா சொல்லாம வருவேன். விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு நேரா இங்கனதான் வருவேன். கூலியாளுகிட்ட நான் பேசமாட்டேன். மொதலாளி வாடியில நிக்கணும், சரக்கும் சுத்தமா இருக்கணும். ரெண்டு பேருமே சரியில்லேன்னா மண்டபத்துல எனக்கு ஆளு இருக்கு."

அன்று சாயங்காலமே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வியாபாரம் எனக்குத்தான். உங்கள் பழக்கம் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அதை வைத்தே உங்களை முந்துவது என்று.

முதல் வேலையாக, உங்களுக்கு முன்னால் எழுவது. நம் வீடுகள் எதிரும் புதிருமாக இருந்ததால் உங்கள் ஜன்னல் எனக்குத் தெரியும். முதல் நாள் எழுந்து பார்த்தேன். உங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் இன்னும் முன்னால் எழுந்தேன். அப்போதும் எரிந்தது. மனிதன் தூங்குவானா மாட்டானா என்று வாய்விட்டே திட்டினேன். என் விளக்கை ஏற்றிக்கொண்டு வாடிக்கு ஓடுவேன். நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் நீங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பீர்கள்.

"என்ன சகல, சீக்கிரமே வந்துட்டீக" என்பீர்கள். கண் இரண்டும் சிவந்திருக்கும். இவர் வீட்டில் இருந்தபடியே பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறார், அந்தச் சிவப்பு உழைப்பின் சிவப்பு என்று நினைத்து நான் வெந்துபோவேன்.

டீக்கடை பெஞ்சை விட்டேன். கடிதங்களுக்கு நின்றபடி பதில் எழுதினேன், கால் வலித்தது. கடைசியாக உங்கள் மதியத் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் நீங்கள் கொஞ்சம் கண் அசருவீர்கள், எழுந்த பிறகு புது ஆளாக வேலை பார்ப்பீர்கள் என்பது ஊருக்கே தெரியும். எல்லாப் பழக்கத்திலும் எனக்குச் சுலபமாக வந்தது அது ஒன்றுதான். வீட்டில் கட்டில் போட்டு, இலவம்பஞ்சுத் தலையணை வைத்து, என்ன ஆனாலும் என்னை எழுப்பக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஆட்களையும் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மாதம். கிழக்கே இருந்து வீசும் கொண்டல் காற்று எப்போது மழையைத் தள்ளிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாத மாதம். கடற்கரையில் பிறந்தவன் எவனாவது அந்த மாதத்தில் பாய் நிறைய மீனைப் பரப்பிவிட்டு வீட்டுக்குள் தலையணை போட்டுப் படுப்பானா? நான் படுத்தேன். பெரிய முதலாளிகள் மதியம் தூங்குவார்கள் என்ற நினைப்பில் படுத்தேன்.

நீங்கள் எங்கே தூங்குவீர்கள் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. வாடி மணலில், காயும் மீனுக்கு நடுவில், கிழக்கே முகத்தை வைத்துக்கொண்டு வெறுந்தரையில் படுப்பீர்களாம். காற்று திரும்பினாலே விழிப்பு வந்துவிடுமாம். அன்றும் மழை இறங்குமுன் விழிப்பு வந்தது. உங்கள் பாய்களை மடக்கிவிட்டு, வேலியைத் தாண்டி வந்து என் பாய்களையும் உங்கள் ஆட்களோடு இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். என் மீனில் பாதிதான் மழைக்குத் தப்பியது. என் மனைவி நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றி என்னை எழுப்பவே இல்லை.

மறுநாள் விடியுமுன் நான்தான் முதலில் வாடிக்குப் போனேன். நனைந்ததைப் பிரித்துக் காற்றில் போட்டால் ஏதாவது தேறாதா என்ற நப்பாசை. கொஞ்ச நேரத்தில் நீங்களும் வந்தீர்கள். கிழக்கு வெளுக்கும்போது மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. மரைக்காயர்.

என் பக்கம் வந்ததும் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டார். உங்கள் பக்கம் போய் ஒரு சாளையை எடுத்து ஒடித்துப் பார்த்தார். பட்டென்று ஒடிந்தது. அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. போகும்போது என்னிடம் நின்று சொன்னார்:

"தம்பி, தூங்குறது தப்பில்ல. எங்கன தூங்குறோம்னு ஒன்னு இருக்குல்ல."

யார் அவரிடம் சொன்னார்களோ. நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் என் அருகில் வந்து, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சகல" என்றீர்கள். நீங்கள் கொக்கரித்திருந்தால்கூட உங்களை மன்னித்திருப்பேன். இரக்கப்பட்டீர்கள். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

அப்புறம் உங்களுக்குக் காரை வீடு வந்தது, ரேடியோ வந்தது, கோயில் திருவிழாவில் முன்வரிசை வந்தது. எனக்கும் ஒன்றும் குறைவில்லை, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். ஆனால் குறை இல்லாததும் நிறைவாக இருப்பதும் ஒன்றா? அந்த வியாபாரம் போனபின்னும் நான் அதிகாலையில் எழுவதை விடவில்லை. விட்டால் நீங்கள் முழுதாக ஜெயித்ததாக ஆகிவிடும். உங்கள் விளக்கைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே இத்தனை வருடமும் எழுந்தேன்.

பூசை முடிந்து உங்கள் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுத முகம்தான், ஆனால் வாயோரத்தில் ஏதோ துடித்தது.

"சாமியார் பேசுனதக் கேட்டீகளா தம்பி? முக்காட்டுக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவுகளா விடியமுன்ன எந்திரிக்கிற ஆளு? கட்டுன நாள்லருந்து அவுகளுக்கு அது ஆகவே ஆகாது."

எனக்குப் புரியவில்லை. நான்தான் தினமும் விளக்கைப் பார்த்தேனே என்றேன்.

"அது நான் ஏத்துற விளக்கு தம்பி. கூலியாளுகளுக்குக் கஞ்சி வைக்கணும்ல? ஏத்திட்டு உங்க வீட்டப் பாப்பேன். அங்கன வெளிச்சம் தெரிஞ்சாப் போயி அவுகளை உலுப்புவேன். 'சகல எந்திரிச்சாச்சு'ம்பேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எந்திரிப்பாக. 'அந்த மனுசனுக்குத் தூக்கமே வராதா'ன்னு உங்களை வஞ்சுக்கிட்டே கண்ணக் கசக்கிக்கிட்டுப் போவாக."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "மரைக்காயர் வந்த அன்னைக்கு?"

"அன்னைக்கு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாக. மொத நா மழையில உங்க பாயையும் சேத்து இழுத்ததுல மேலெல்லாம் வலி. 'இன்னைக்கு எவன் வரப்போறான்'னு திரும்பிப் படுத்துட்டாக. நீங்க விளக்கோட வாடிப் பக்கம் போறதப் பாத்தேன். 'சகல வாடிக்கே போயாச்சு'ன்னேன். அம்புட்டுத்தான். வேட்டியக்கூட நடந்துக்கிட்டேதான் கட்டுனாக."

நான் எழாமல் இருந்திருந்தால் நீங்கள் தூங்கியிருப்பீர்கள். முதலாளி இல்லாத வாடியைப் பார்த்துவிட்டு மரைக்காயர் மண்டபத்துக்குப் போயிருப்பார். உங்கள் காரை வீட்டுக்கு முதல் கல்லை எடுத்து வைத்தவன் நான். அதுவும் உங்களை முந்த வேண்டும் என்ற வெறியில்.

துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது சகலை. நீங்களும் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். என்னைத் திட்டியிருக்கிறீர்கள். ஊரே கையெடுத்துக் கும்பிடும் உங்கள் அதிகாலை, மதினி ஏற்றிய விளக்கும் என் பொறாமையும் சேர்ந்து செய்தது. எழுந்து போய்ச் சாமியாரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் வேறொன்று உறைத்தது. இருந்தவரை ஒரு நாளாவது வேலியோரம் நின்று, "உங்களால என் தூக்கம் போச்சு சகல" என்று சொல்லியிருக்கக் கூடாதா? நானும் அதையே சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து படுத்துப் பார்க்கிறேன். முடியவில்லை. கோயில் மணிக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. மதினியின் விளக்கு எதிரே எரிகிறது. அது யார் விளக்கு என்று இப்போது தெரியும், அங்கே உலுப்பி எழுப்ப ஆள் இல்லை என்றும் தெரியும். அப்படியிருந்தும் பதறி எழுந்து என் விளக்கை ஏற்றிவிடுகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்டபடி ஒரு வழியாகத் தூங்குகிறீர்கள். அதைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது சகலை.