பனி விழாத ஊரில் ஓர் எஞ்சின்

04.03.2025 செவ்வாய், வட்டக்கச்சி

எஞ்சின் இன்று திரும்பவும் தீப்பிடித்தது.

ரப்பர் குழாயின் மூட்டில், எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ற் கசிந்து, சிவந்து கிடந்த சைலன்சரில் சொட்டியது. முதலில் வெள்ளைப் புகை. பிறகு நீலமாய் ஒரு சுவாலை, பெற்றோல் தாங்கிக்கு ஒரு முழம் தள்ளி. வெல்டிங் வேலை செய்யும் வீரையா அண்ணை மண்வாளியைக் கவிழ்த்து அணைத்தார்.

"மூட்டை இறுக்கினால் சரி. கூலன்ற்றில ஒரு பிழையும் இல்லை," என்றார் ரஜிதன் அண்ணா.

இது நிலத்தில், பழைய அரிசி ஆலைக் கொட்டிலுக்குள் நடந்தது. கடலுக்கு மேலே மண்வாளியோடு யார் நிற்பது?

ரஜிதன் அண்ணா நோர்வேயிலிருந்து வந்து தொடங்கிய வேலை இது. மோட்டார் நின்று கடலில் அள்ளுண்டு போகும் படகுகளைத் தேட ஓர் ஆளில்லா விமானம். போன வருசம் சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் கரையிலிருந்து இரண்டு பேர் போனார்கள், ஒருவர்தான் திரும்பினார். அதனால்தான் நான் கொழும்பு வேலையை விட்டு இங்கே வந்தேன்.

எஞ்சின் சின்னது, ஆனால் பொல்லாதது. பிஸ்டன் இல்லை, மூன்று மூலைக் கட்டை ஒன்று உள்ளே சுழலும். எரிவது எப்போதும் ஒரே பக்கத்தில். அந்தப் பக்கம் அடுப்பு, மற்றப் பக்கம் சும்மா. அந்தச் சூட்டை ஆற்ற ரஜிதன் அண்ணா ஊற்றும் கூலன்ற், தண்ணீர் கலக்காத கிளைக்கோல். இலேசில் கொதிக்காது, அதனால் சின்ன ரேடியேற்றர் போதும், பாரமும் குறைவு. எல்லாம் சரி. ஆனால் எரியுதே! இனிப்பு வேறு. நிலத்தில் சிந்தினால் பக்கத்து வளவு ஆடு வந்து நக்கும், நக்கினால் சாகும்.

05.03.2025 புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். "நேற்றைய எஞ்சின்ர சாம்பலோ பிள்ளை?" என்றார் வீரையா அண்ணை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

09.03.2025 ஞாயிறு, முல்லைத்தீவு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கூடப்பிறந்த நிறோஜன் அண்ணா என் போனில் எஞ்சின் ஓடும் வீடியோவைப் போட்டுப் பார்த்தான். குசினிக்குள் இருந்து அம்மா ஓடி வந்தா. கையெல்லாம் மா.

"நிப்பாட்டு அதை!"

நிறுத்தினான். அம்மா கதிரையில் இருந்து மூச்சு வாங்கினா. யுத்தத்தில் வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானத்தின் அதே இரைச்சல். அது தலைக்கு மேல் சுற்றிவிட்டுப் போனால் பின்னால் செல் வந்து விழுந்து வெடிக்கும்.

"இந்தச் சத்தத்தைச் செய்யத்தானோடி படிச்சனி?"

"எனக்கும் அந்தச் சத்தம் தெரியும் அம்மா. பங்கருக்குள்ள நானும்தான் கிடந்தனான். அது ஆக்களைப் பாத்துக் கொல்ல வந்தது. இது பாத்துக் கரைக்குக் கொண்டர."

அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. தீப்பிடித்த கதையை அண்ணாவிடம் சொன்னேன். அவன் கடலுக்குப் போகிறவன், சுற்றி வளைக்கமாட்டான். "எரிஞ்சு தலையில விழுற சாமான் எங்களைத் தேட வேண்டாம்."

14.03.2025 வெள்ளி

எஞ்சின் விற்ற வெளிநாட்டுக் கொம்பனியின் பொறியியலாளரோடு வீடியோவில் கதைத்தோம். கூலன்ற்றை விட்டுத் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "தண்ணீர் உறைந்து எஞ்சினைப் பிளக்கும்," என்றார்.

"உங்கள் ஊரில் உறையும். எங்கள் ஊரில் மார்கழிக் குளிருக்கே ஒரு போர்வை போதும்."

அவர் சிரித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு ரஜிதன் அண்ணாவிடம் மட்டும் கதைத்தார்: புத்தகத்தில் இல்லாததைச் செய்தால் உத்தரவாதம் போய்விடும்.

போன் வைத்ததும் ரஜிதன் அண்ணா கேட்டார்: "புத்தகத்தை விட நீர் பெரிய ஆளோ?"

"ஓம். இந்த வெயிலுக்க நிண்டு இந்த எஞ்சினை ஓட்டிப் பாத்த ஆள் நான். அந்தப் புத்தகம் இஞ்ச வரேல்லை."



20.03.2025 வியாழன்

கதைத்துப் பயனில்லை, காட்டுவோம் என்று முடிவு செய்தேன். வீரையா அண்ணை ஓர் இரும்புத் தகட்டைக் காஸ் சுவாலையில் சைலன்சர் போலச் சிவக்க வைத்தார்.

தனிக் கிளைக்கோல்: ஊற்றிய உடனே பற்றியது.

பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது: இது தப்பும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தண்ணீர் சீறிப் போய் முடிய, மிஞ்சியது எரிந்தது.

துரு பிடிக்காமல் இருக்க மருந்து விட்ட தண்ணீர்: சீறியது. போய்விட்டது. அவ்வளவுதான்.

ரஜிதன் அண்ணா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "சரி, எரியாது. ஆனா நூறில கொதிக்குமே? அந்தச் சூட்டுப் பக்கத்தை என்ன செய்யப் போறீர்?"

அவர் கேட்டது நியாயம். இறுக்கமான மூடி போட்டு அழுத்தத்தில் வைத்தால் நூறு தாண்டியும் கொதிக்காது. ரேடியேற்றர் பெரிதாக வேண்டும். பாரம் ஏறும், பெற்றோல் குறையும், போகும் தூரமும் குறையும். ஒத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் கூடாது; எங்கள் கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீர்தான்.

"தூரம் குறைஞ்சா என்னத்துக்கு விமானம்?"

"எரிஞ்சு விழுந்தா அந்தத் தூரமும் இல்லை அண்ணா."

03.04.2025 வியாழன்

இடது கையில் கட்டு. வலது கையால் எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். அழுத்தம் ஏற, பழைய ரப்பர் குழாய் வெடித்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். கொதி ஆவி முழங்கை வரைக்கும். ஐயோ எண்டு கத்தினது மட்டும் நினைவிருக்கு. ரஜிதன் அண்ணாதான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் கொண்டு ஓடினார். வழியில் ஒரே ஒரு கேள்வி:

"இதுதானோ உம்மட பாதுகாப்பு?"



04.04.2025 வெள்ளி

பதில் இன்றைக்குக் கிடைத்தது. அதே குழாய் வெடித்து அதே சிவந்த இரும்பில் கிளைக்கோல் பாய்ந்திருந்தால்? நான், வீரையா அண்ணை, கொட்டில் — எல்லாம் போயிருக்கும். கொப்புளம் ஆறும்.

ஆனால் ஆவி சுடும். அதை நான் குறைவாக எண்ணிவிட்டேன். இனி அழுத்தம் தாங்கும் குழாய், கூடின ஆவியைக் கீழ்நோக்கி விடும் வால்வு, சைலன்சருக்கு இடையில் தகட்டு மறைப்பு. எஞ்சின் ஆறும்வரை மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் உட்பட.

விடமாட்டேன்.

16.04.2025 புதன்

அம்மா கைக்கட்டைப் பார்த்துவிட்டா. "விட்டிட்டு வா பிள்ளை. ஆர் உன்னைக் கேட்டது?" என்று அழுதா. கேட்டது ஆர் எண்டு அவாவுக்குத் தெரியும். போன வருசம் திரும்பி வராத மனுசன்ர வீட்டுக்கு இப்பவும் சோறு கொண்டு போறது அவாதானே.

கொட்டிலுக்குத் திரும்பினேன். வீரையா அண்ணை மறைப்புத் தகட்டை வளைத்து முடித்திருந்தார். ரஜிதன் அண்ணா நீண்ட நேரம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஒரு பறப்பு. ஒண்டே ஒண்டு. சூடு ஏறினா அண்டைக்கே கிளைக்கோலுக்குத் திரும்புறம்."

"ஏறாது."

"நீர் இப்பிடிச் சொல்லேக்கதான் எனக்குப் பயம்."

08.05.2025 வியாழன்

அனுமதிக்காக அலைந்தது போதாதென்று காலையில் ஆமிக்காரரும் வந்து விசாரித்தார்கள். எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன்.

பறந்தது. சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. வயல் வெளிக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டபோது என் கண்ணும் ஒருமுறை பங்கரைத் தேடியது. உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும்.

02.07.2025 புதன், முல்லைத்தீவு

முந்தநாள் போன படகு ஒன்று திரும்பவில்லை. சோளகம் வெளியே தள்ளுகிற காலம். விடியக் கரையிலிருந்தே விமானத்தை விட்டோம்.

எஞ்சினை முடுக்கியபோது அம்மா கரையில்தான் நின்றா. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. போகவில்லை. நின்றா.

திரும்ப வேண்டிய எல்லைக்குக் கிட்டத்தட்டப் போனபிறகு திரையில் ஒரு நீலப் புள்ளி. இரண்டு பேர். ஒருவர் சட்டையைக் கழற்றி வீசினார். நிறோஜன் அண்ணாவின் படகுக்கு இடத்தைச் சொன்னோம். மத்தியானத்துக்குப் பிறகு இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு.

பெற்றோல் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஆறும்வரை காத்திருந்து திறந்தோம். வரும் வழியில் ஒரு மூட்டுத் தளர்ந்து தண்ணீர் கசிந்திருக்கிறது. மறைப்பைத் தாண்டி சைலன்சரில் நேராய் விழுந்திருக்கிறது. இரும்பில் வெளிறிய ஒரு படிவு. வேறொன்றுமில்லை. வீரையா அண்ணை துணியால் துடைத்தார். துடைத்ததும் படிவு போய்விட்டது.

05.07.2025 சனி, வட்டக்கச்சி

இரண்டாவது விமானத்தின் வரைபடம் மேசையில் கிடந்தது. ரேடியேற்றர் பெரிதாக இருந்தது. கூலன்ற் என்ற இடத்துக்கு நேரே, ரஜிதன் அண்ணாவின் கோணல் எழுத்தில்: தண்ணி.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.