வூட்டு டயரு

இன்று காலை கோயம்புத்தூர் லோடு கட்ட வைக்கோலை இழுத்தேன். அடியிலிருந்து ரப்பர் வாடை வந்தது. அந்த மூலையில்தான் உன் டயர்கள் இரண்டும் கிடக்கின்றன. எனக்கு உடனே கோபம் வந்துவிட்டது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது.

துபாயிலிருந்து திரும்பியவர்கள் வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள். நீ கடையும் வைத்தாய், பெரிய பைக்கும் வாங்கினாய். ரேஸ் ட்ராக்கில் ஓட்ட எந்த டயர் நல்லது என்று விருத்தாசலத்தில் உன்னோடு மல்லுக்கட்ட என்னை விட்டால் ஆள் ஏது? பீங்கானில் ஃபியூஸ் கேரியர் செய்கிறவன் நான். என் பட்டறைக் களிமண்ணைத் தட்டையாகப் பரப்பச் சொல்லி, அதன்மேல் பைக்கை ஏற்றி, ஒவ்வொரு டயரும் எப்படிப் பதிகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பாய். கெட்டி ரப்பர் டயரில் வரிவரியாக வாய்க்கால் விழுந்தது. ட்ராக்குக்கென்று நீ வாங்கிய மெத்து டயரில் வரியே இல்லை என்று சொல்லலாம், மண் மொழுமொழுவென்று கிடந்தது.

"தண்ணி வந்தா எந்த வழியா ஓடும்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் அந்தக் கெட்டி டயரு. இது தோசக்கல்லு மாதிரி மச்சான், காஞ்சாத்தான் வேல செய்யும். ஈரத்துல இத நம்பி எவன் போவான்?"

நன்றாகக் கேட்டுக்கொள். சொன்னவன் நீதான்.

நீ ட்ராக்குக்குப் போக, உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "அங்க எத வேணா மாட்டிக்கங்க. திரும்பி வரப்ப வூட்டு டயர மாட்டிக்கிட்டுத்தான் வரணும்." நீயும் சத்தியம் செய்தாய். அதிலிருந்து கெட்டி டயருக்கு நம்மிடையே வூட்டு டயர் என்றே பெயர். நீ வூட்டு டயரில் கோயம்புத்தூர் ட்ராக்குக்கு வருவாய். என் குட்டியானை லோடு வண்டியில், ஃபியூஸ் கேரியர் பெட்டிகளுக்கு நடுவே வைக்கோலில், மெத்து டயர் வரும். சாயங்காலம் மறுபடி மாற்றிக்கொண்டு கிளம்புவோம். ஒரு முறைகூடத் தவறியதில்லை, அந்தக் கடைசி முறை தவிர.

அன்று வளைவுகளில் நன்றாகச் சாய்த்து ஓட்டியிருந்தாய். டயரின் ஓரம் வரைக்கும் ரப்பர் உருகி, உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தாய். நான் வூட்டு டயரை இறக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"இத வேப்பூர்ல நம்ம பசங்க பாக்கணும் மச்சான். டீக்கடையில எல்லாரும் இருக்கானுங்க. காட்டிட்டு நேரா வூட்டுக்குத்தான்."

"மானம் கறுக்குதுடா. மாட்டிக்கிட்டுப் போ."

"ஒரு தடவதான? நீ பின்னாடி மெதுவா வா."

ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே போய்விட்டாய். நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். வேப்பூரில் அவர்களும் பிளந்தார்கள். டீ குடித்தீர்கள். ஊர்ப் பக்கம் நீ திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. நான் வந்து சேர்ந்தபோது பைக் வயலில் கிடந்தது, உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். உன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய டயர்கள் இரண்டும் என் வண்டியில், வைக்கோலில், கீறல்கூட இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தன.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும், கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி கேட்டாள். "அண்ணே, வூட்டு டயரு ஏன் மாட்டல?"

என்ன சொல்வது? "நாலு பேருக்குப் பவுசு காட்ட உனக்குச் செஞ்ச சத்தியத்த மறந்துட்டாம்மா" என்றா? "நான்தாம்மா டயரோட முன்னாடியே கிளம்பிட்டேன். அவனுக்கு மாத்த வழியில்லாமப் போச்சு" என்றேன்.

"அவரு வர்ற வரைக்கும் நிக்கலியா நீங்க?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து இப்போது அவளே உன் கடையில் உட்கார்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொள்கிறாள். போகட்டும். அவள் உன்னை நினைத்து அழுவதில் கசப்பு கலக்க வேண்டாம். கசப்புக்கு நான் ஒருவன் போதும்.

ஆனால் ஒன்று. அந்த வேப்பூர்ப் பசங்கள் டீக்கடையில் உன் படத்தை மாட்டி, "ராஜா மாதிரி போனான்" என்கிறார்கள். என்னைப் பார்த்தால், கூட்டாளியை விட்டுவிட்டு வந்தவன் என்று முணுமுணுக்கிறார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் லோடு ஓட்டுகிறேன்.

டயர்களை மறுபடி வைக்கோல் போட்டு மூடிவிட்டேன். நான் நின்றேன்டா. ஒரு கையில் ஒரு டயரும் மறு கையில் ஒரு டயருமாக, உன் பைக் சத்தம் ஓயும் வரைக்கும் அன்று ட்ராக்கிலேயே நின்றேன். அது தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.