நாலு றெக்கை ஈ

மாப்பிள்ளை,

உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று என் நரைத்த மீசையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். நம்புவதும் நம்பாததும் உன் பாடு. நீ கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது, இனி என்னை மறுத்துப் பேசவும் ஆளில்லை.

இன்று காலை காப்பி டம்ளரின் விளிம்பில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. இந்த வாரம் என் வீட்டுக்கு வந்த ஒரே விருந்தாளி. விரட்ட மனம் வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறக்கைகளை எண்ணினேன். இரண்டு. "டிப்டெரா" என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ கற்றுத்தந்த அந்த ஈக்குலப் பெயரைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று. ஈ பெரிய மனதோடு காலைத் தேய்த்துக்கொண்டது.

பென்னாகரத்தை மலேரியாக் காய்ச்சல் ஆண்ட காலம் அது. நல்லம்பள்ளியில் எருமைக் கன்றைத் தூக்கிய கொசு பென்னாகரம் வந்துதான் கீழே வைத்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்தக் கொசுக்களை அடக்கச் சர்க்கார் அனுப்பிய சேனையில் மொத்தம் இரண்டு பேர், உறவில்லாமலே மாமா மாப்பிள்ளை ஆனவர்கள். குட்டைகளில் எண்ணெய் ஊற்ற நான், மாட்டுக்கொட்டகைகளில் பூச்சி பிடிக்க நீ. கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுவரில் இருக்கும் கொசுவின் மேல் வைத்து, மறுமுனையை வாயால் உறிஞ்சுவாய். நடுவில் சல்லாத்துணி இருப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

"கொசுவ உறிஞ்சிக் குடிக்கறாரு பாருங்க. வூட்ல சோறு போடறதில்ல போல" என்றாள் மாட்டுக்காரம்மா ஒருத்தி.

நீ குழாயை வாயிலிருந்து எடுத்தாய். "வூடு சேலத்துல இருக்குதுங்கம்மா" என்றாய். கொட்டகையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சேலத்தில் உன் மனைவிக்குப் பெண் பிறந்து ஐந்து மாதம். காய்ச்சல் பருவத்தில் லீவு கிடையாது. மகள் முகத்தை நீ இன்னும் பார்த்திருக்கவில்லை. சேலம் ஆபீசில் பூச்சிப் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. உன் பெட்டிகளை வந்து பார்த்துவிட்டு அதை உனக்கே தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார்.

அதில் ஒரு பெட்டியின் மூடியில் முத்து முத்தாக "டிப்டெரா" என்று எழுதிவைத்திருந்தாய். உள்ளே கொசு, ஈ, மாட்டு ஈ என்று ஒரு வம்சமே ஊசியில் நின்றது. "மத்த பூச்சிக்கெல்லாம் பெரும்பாலும் நாலு றெக்க மாமா. ரெண்டே ரெண்டு இருந்தா அது நம்ம ஆளு" என்பாய். சந்தையில் கத்தரிக்காய் விற்பவரிடம்கூடச் சொல்லுவாய். நான் மட்டும் இதை ஒரு லட்சம் தடவை கேட்டிருக்கிறேன்.

அதனால்தான் என் புத்தி அப்படிப் போயிற்று. மாட்டு ஈ ஒன்றின் முதுகில் செத்த தேனீயின் இறக்கைகள் இரண்டை வேலம்பிசினால் ஒட்டி, உன் பெட்டியில் குத்திவைத்தேன். பார்த்ததும் நீ செருப்பைக் கழற்றுவாய், நான் ஓடுவேன். திட்டம் அவ்வளவுதான்.

நீ செருப்பைக் கழற்றவில்லை. இரண்டு நாள் லென்ஸோடு உட்கார்ந்தாய். படம் வரைந்தாய். சொல்லிவிடலாம் என்று நான் கிட்டே வந்தபோது, "சேலத்துக்கு எழுதிப் போட்டுட்டன் மாமா. நாலு றெக்க ஈ. எம் மவ பொறந்த நேரம்" என்றாய். நான் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு குட்டைப் பக்கம் போய்விட்டேன்.

அதிகாரி வந்தார். என் தங்கை பிள்ளைகளுக்கு இந்த இடத்தை எப்படிச் சொல்வேன் தெரியுமா? பெட்டியைத் திறந்ததும் ஈ சிலிர்த்தெழுந்து அவர் தொப்பியைக் கவ்விக்கொண்டு வத்தல்மலைக்குப் பறந்துவிடும். நான் சிங்கம்போல் முன்னே போய், "ஒட்டியவன் நானே" என்று முழங்குவேன். என் வீரத்தை மெச்சி உனக்கு வேலையும் எனக்கு ஒரு குதிரையும் கிடைக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். இப்போது அவர்களும் பெங்களூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள்.

நடந்தது உனக்குத் தெரியும். அவர் தூரிகையை நனைத்து ஈயைத் தொட்டார். பிசின் இளகி இரண்டு இறக்கையும் தூரிகையோடு வந்தன.

"யார் வேலை இது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றாய்.

சேலம் வேலை வேறொருவருக்குப் போயிற்று. நீ மகளைப் பார்த்தபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். உன்னைக் கண்டு பயந்து அழுதாளாம். அதை நீ சொல்லவில்லை, உன் மச்சான் சொன்னார்.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தபோது, "ஏன் மாப்ளே அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நெசத்தச் சொன்னா உங்கள வேலய வுட்டு அனுப்பிருவாங்க. அப்பறம் இங்க எனக்குப் பேச்சுத் தொணைக்கு யாரு?" என்றாய். கொஞ்ச தூரம் போனபின், "ரெண்டு நாளும் தூக்கமே வரல மாமா. அவ்ளோ சந்தோசமா இருந்திச்சு" என்றாய்.

அதன்பின் எத்தனையோ வருஷம் உன்னோடு பேசினேன். எருமை, தொப்பி, குதிரை என்று எதையெதையோ பேசினேன். மன்னித்துக்கொள் என்று மட்டும் பேசவில்லை. இப்போது இந்த வீட்டில் என் புளுகைக் கேட்கச் சுவர்கள்தான் இருக்கின்றன. அவை எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு மாப்பிள்ளை, எனக்கு வருத்தமில்லை. பேச்சுத் துணைக்கு நான் வேண்டும் என்று ஒரு மனிதன் நினைத்தான். அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.