இருபத்து மூன்றாம் நாளில் நாற்பது

கல்முனை
04.05.2025

அன்புள்ள சரீபா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். போனில் கதைத்தால் நீங்கள் வேலை செய்யும் வீட்டு மேடம் பக்கத்தில் வந்து நிற்கிறார், எழுதிப் படம் பிடித்து அனுப்பு என்றீர்கள். இதோ என் கோழிக் கிறுக்கல்.

நீங்கள் தைத்த அதே கார்மண்ட் தொழிற்சாலையில் இன்றும் முப்பது பேருக்கு ஒரே அட்டைதான். அது கையில் இருந்தால்தான் கழிவறைக்குப் போகலாம். நிறைமாத வயிற்றோடு ஹப்ஸா அந்த அட்டைக்காகக் காத்து நின்று மயங்கி விழுந்தாள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது தாயும் பிள்ளையும் சுகம்.

அவள் விழுந்த அன்றுதான் தொழிற்சங்கம் தொடங்குவது என்று முடிவெடுத்தோம். ஏழு பேர் இருந்தால் பதியலாமாம். ஆனால் முதலாளி எங்களோடு பேச்சுக்கு வரவேண்டுமென்றால் நூற்றுக்கு நாற்பது பேர் சேர வேண்டுமாம். முந்நூறு பேரில் நூற்றிருபது! என்னோடு வேலை செய்யும் காரைதீவுக் கஜனியும் நானும் வீடு வீடாகப் போகிறோம். துஆச் செய்யுங்கள்.

உங்கள் றுஸ்தா


குவைத்
06.05.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கிறுக்கலை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். இறால் கறி வைத்தாயாம், உம்மா சொன்னா. எனக்கு மட்டும் படம் அனுப்புகிறாய். நல்லாயிருப்பாய் போ!

சங்கம் உனக்கு வேண்டாம். என் காலத்திலும் ஆறு பேர் முயற்சி செய்து, ஆறு பேருக்கும் வேலை போனது உனக்குத் தெரியும்தானே. மற்றவர்கள் செய்யட்டும், நீ ஒதுங்கியிரு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ராத்தா


கல்முனை
12.05.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

கோபிக்காதீர்கள், ஒதுங்க முடியவில்லை. நேற்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

கூட்டம் வைக்க இடமில்லாமல், ஹப்ஸாவின் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் விருந்து என்று சொல்லி ஐம்பது பேரைக் கூப்பிட்டோம். தொட்டிலைச் சுற்றியிருந்து சங்கப் படிவம் நிரப்பும்போது வாசலில் யார் தெரியுமா? எங்கள் சுப்பவைசர் முனவ்வறா! கையில் பேபி சோப்பும் குட்டிச் சட்டையும். ஹப்ஸாவின் பிரசவ லீவை எழுதியதே அவர்தான், பிள்ளை பிறந்த திகதி அவருக்குத் தெரியும் என்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. படிவத்தை வட்டிலப்பத் தட்டுக்குக் கீழே தள்ளினேன்.

அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "இண்டைக்கு இருபத்துமூணாம் நாள்தானே புள்ளையள். நாற்பதுக்கு இன்னும் பதினேழு நாள் கிடக்கு. அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். பிறகு தட்டைத் தூக்கி, படிவத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டுப் போனார்.

அதனால்தான் இப்போது சிக்கல். அந்த ஆறு பேரைக் காட்டிக்கொடுத்துத்தான் அவர் சுப்பவைசரானார் என்று ஊரே சொல்கிறது. கஜனி உட்படப் பாதிப்பேர் பயந்து தங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள். இப்படியே போனால் சங்கம் இல்லை. முனவ்வறா உங்களோடு வேலை செய்த கூட்டாளிதானே. அவரை நம்பலாமா? ஒரு சொல் சொல்லுங்கள்.

உங்கள் றுஸ்தா


குவைத்
14.05.2025

றுஸ்தா,

நம்பு. காட்டிக்கொடுத்தது முனவ்வறா இல்லை. நான்.

அப்போது வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம். நீ ஓ எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பெயர்களைச் சொல்லாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று மனேஜர் சொன்னார். சொன்னேன். ஆறு பேரும் கேட்டைத் தாண்டிப் போனதை என் மெஷினில் இருந்தபடியே பார்த்தேன். அடுத்த மாதம் முனவ்வறாவுக்குச் சுப்பவைசர் வேலை கிடைத்ததும், ஊர் பழியை அவள் தலையில் போட்டது. நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்காகத்தான் குவைத்துக்கு வந்தேன் என்று சொன்னது பாதிப் பொய். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வந்தேன்.

இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, என் பெயரோடு. பிறகு என்னை வெறுத்தாலும் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

சரீபா


கல்முனை
29.05.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். அழுகையும்தான். ஆனால் நீங்கள் சொன்னபடியே வாசித்துக் காட்டினேன், உங்கள் பெயரோடு.

அந்த ஆறு பேரில் கஜனியின் அக்காவும் ஒருத்தி. கஜனி என்னைத் திரும்பிப் பாராமல் படிவத்தை இழுத்து, வெட்டிய தன் பெயருக்குக் கீழே திரும்பவும் எழுதினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். நேற்று ஹப்ஸாவின் வீட்டில் உண்மையான நாற்பது. நூற்றிருபத்தாறு பேராகிவிட்டோம்.

கடைசியாகத்தான் முனவ்வறா ராத்தாவுக்கு வாசித்தேன். யார் சொன்னது என்று இவ்வளவு காலமும் அவருக்கும் தெரியாதாம். பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் குட்டிச் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "ஊருக்கு வந்தா முதல்ல என்ட வீட்டுக்கு வரச் சொல்லு. உங்கட வீட்டுக்குப் பொறகு போகட்டும்" என்றார்.

நானும் அதையேதான் சொல்கிறேன், ராத்தா. முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். இறால் கறி வைத்துவிட்டு நானும் உம்மாவும் வாசலில் நிற்போம்.

உங்கள் றுஸ்தா